ரம்ப மெஷினில் நான் போட்ட கோடுகள்

கடற்கரையை ஒட்டிய தெருவில் குடியிருந்த பிரெஞ்சு என்ஜினியர், கப்பலேறும் முன் வீட்டுச் சாமான்களை விற்றார். கட்டில், நாற்காலிகளைச் சுற்றித்தான் கூட்டம். கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடந்த ரம்ப மெஷினை நானும் என் மனைவியின் தம்பியும் மட்டுமே நின்று பார்த்தோம்.

அது யுத்தத்துக்கு முந்திய அமெரிக்க மெஷின். தூணிலிருந்து ஓர் இரும்புக் கை மேஜைக்கு மேலே நீண்டிருக்கும். அதில் மோட்டாரும் வட்ட ரம்பமும் தொங்கும். மரத்தை அசையாமல் வைத்து ரம்பத்தை நம் பக்கம் இழுத்தால் அறுத்துக்கொண்டே வரும். அந்த இரும்புக் கையைத் திருப்பி வைத்தால் சாய்வாக அறுக்கும்.

மைத்துனன் மில்லில் தச்சு வேலை பார்த்தவன், தொழில் கற்றது கடலூரில். மெஷினை வாங்கியதும் அதை நம்பி மில் வேலையை விட்டான். உப்பளம் என்ற பேட்டையில் ஒரு கொட்டகை பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய்விடுவேன். உப்புக்காற்றில் பிடித்த துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம். மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றக் கொடுத்தோம். பேரிங் சென்னையிலிருந்து வந்தது.

கோணம் காட்டும் தகட்டில் மட்டும் எண்கள் அரித்துப் போயிருந்தன. முக்கியமான கோணங்களில் இரும்புக் கை தானாக மாட்டி நிற்பதற்கான பள்ளங்களும் தேய்ந்துவிட்டன. தகட்டை நான் எடுத்துக்கொண்டேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுவதுதான் என் வேலை. அலுவலகக் கோணமானியை வைத்து ஊசியால் கோடு கீறி, கறுப்பு மை நிரப்பி, எண்கள் எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் எழுதியதில்லை.

"நீங்க குறிச்சிட்டா நான் அளந்துகூட பாக்க மாட்டேன் மாமா" என்றான். அதைக் கேட்டுப் பூரித்துப்போனேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

முதல் வேலை ஒரு மாதா கோயிலிலிருந்து வந்தது. இயேசு சிலுவை சுமந்து போகும் சிலுவைப்பாதைப் படங்களுக்குச் சட்டம் போட வேண்டும். அது நன்றாக அமைந்தால் கோயில் பெஞ்சுகள் முழுவதும் அவனுக்கே என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். பழைய கதவுகளைப் பிரித்து எடுத்த பர்மா தேக்கையும் அவரே கொடுத்தார். அதே மாதிரி மரம் வேறு கிடையாது.

மூலைக்கு மூலை சாய்வாகச் சேர, மைத்துனன் கோணம் காட்டும் முள்ளை என் நாற்பத்தைந்தில் நிறுத்தி, எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் அறுத்துவிட்டான். அன்று மாலை நான் போனபோது ஒரு சட்டத்தைத் தரையில் சேர்த்து வைத்து, பக்கத்தில் குந்தியிருந்தான். உள்மூலைகள் ஒட்டியிருந்தன. வெளிமூலைகள் நான்கும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"என் கண்ணுதான் கெட்டுப்போச்சு போல மாமா."

தகட்டைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பிரெஞ்சு நில அளவையில் செங்கோணத்தை நூறாகப் பிரிப்பார்கள். அவர்கள் ஆண்ட காலத்தில் அலுவலகத்துக்கு வந்த என் கோணமானியும் அப்படித்தான். நான் போட்ட குறிகளில் செங்கோணத்தின் சரிபாதி ஐம்பது, அவன் நிறுத்திய நாற்பத்தைந்து அல்ல. பள்ளியில் தொண்ணூறு என்று படித்தவன்தான் நானும். ஆனால் வருஷக்கணக்கில் நூறிலேயே கை பழகிவிட்டதால், வெளியில் யாரும் அப்படி அளப்பதில்லை என்பது நினைவுக்கே வரவில்லை.

சொன்னேன். அவன் என் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தான்.

"வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கினு போயிட்டான். அவன் கோணத்த நீங்க வச்சினு கீறீங்க" என்றான். பிறகு சிரித்தான். அவன் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திருப்பி அறுத்ததில் சட்டங்கள் சிறுத்துவிட்டன. வேறு வழியில்லாமல் படங்களின் ஓரத்தைக் கத்தரிக்கச் சாமியார் சம்மதித்தார். கத்தரித்தவன் நான். ஒவ்வொரு படத்தின் அடியிலும் இருந்த பிரெஞ்சு வரி போயிற்று, சில படங்களில் சிப்பாய்களின் பாதமும் போயிற்று. தவறு என்னுடையது என்று சாமியாரிடம் நூறையும் தொண்ணூறையும் விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெஞ்சு வேலையை வேறு ஒருவருக்குச் சொல்லியாயிற்று என்றார்.

அதன் பிறகு கொட்டகைக்குச் சொல்லிக்கொள்ளும்படி வேலை வரவில்லை. கோயில் சட்டங்களின் கதை உப்பளம் முழுக்கத் தெரிந்திருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் கொட்டகையைக் காலி செய்தான்.

மறுபடியும் மில்லில் வேலை கேட்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது, நானும் வருகிறேன் என்றேன். மில் கேட்டுக்கு உள்ளே மேஸ்திரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சொந்தத் தொழில் என்ன ஆயிற்று என்று சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி விசாரித்தார். தவறு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். மைத்துனன் என் முழங்கையைத் தொட்டான்.

"நமக்குச் சரிப்படல மேஸ்திரி. எனக்குக் கணக்கு போதாது."

"இவரு யாரு?"

"எங்க மாமா. சர்வே ஆபீஸ்ல படம் போடறவரு. தொணைக்கு வந்தாரு."

மேஸ்திரி எழுந்து எனக்கு நாற்காலியைக் காட்டினார். மைத்துனன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். நான் உட்கார்ந்தேன்.