சரோஜம்மா தின்ற ஒரு வாய்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வாடகைக்கு இருக்கும் மாடிக்கு நேர் கீழே சரோஜம்மாவின் அடுக்களை. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து நகராட்சித் துப்புரவு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். அந்த அடுக்களையிலிருந்து ஹோம்ஸ்டேக்களுக்குப் போவது புட்டும் கடலையும் அல்ல. இத்தாலிக்காரர்களின் இறைச்சி லசானியா. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. ஆனாலும் அவர் சமையலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குணத்தைத்தான் எழுதுகிறேன்.

ஒரு ஹோம்ஸ்டேயில் பாத்திரம் கழுவப் போனவர் அவர். மழைக்காலம் முழுக்க அங்கே தங்கிய இத்தாலிக்காரி ஒருத்தி சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தே படித்துக்கொண்டார். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் அரிசி போல நறுக்கி வதக்க வேண்டும். போத்து என்கிற எருமையும் பன்றியும் கலந்த கொத்துக்கறி, தக்காளி, கொஞ்சம் சிவப்பு ஒயின், பிறகு பால். சிறு தீயில் அரை நாள் கிடக்க வேண்டும். முட்டை விட்டுப் பிசைந்த மைதாவைத் தாள் போல் தேய்த்து, கறி, வெள்ளை சாஸ், சீஸ் என்று அடுக்கடுக்காக வைத்து ஓவனில் ஏற்றுவார்.

இத்தனையும் செய்தவர் ஒரு நாளும் அதை ருசி பார்த்ததில்லை. மகன் மாரிச்செல்வம் குழந்தையாக மூளைக் காய்ச்சலில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இனி என் நாக்கில் கறி படாது என்று காளி கோயிலில் வேண்டி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான். இன்று பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். கயிறு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.

கணவர் இருந்தவரை அவர்தான் உப்புப் பார்த்தார். அவருக்குப் பிறகு மருமகள் அஞ்சு. அக்கரைத் தீவான வைப்பினில் மீன் விற்கும் வீட்டுப் பெண், மாரிச்செல்வம் காதலித்துக் கட்டியவள். தெருவில் மற்றவர்களிடம் கொடுத்தால் உப்பில்லை, காரமில்லை என்பார்கள். சீஸ் தன் உப்பைக் கொண்டுவரும். ஆகவே கறியில் உப்பு கொஞ்சம் குறைந்தே நிற்க வேண்டும். அந்தக் குறைவை அறிந்தது அஞ்சுவின் நாக்கு மட்டும். கண்ணை மூடி ஒரு கரண்டி வாயில் விடுவாள். "மதி அம்மே" என்பாள், போதும் என்று. அத்தோடு உப்பு நிற்கும். அதற்குக் கூலியாக, வாயைக் கொப்பளித்துவிட்டு சாமி விளக்குப் பக்கம் வராமல் போகச் சொல்வார் சரோஜம்மா. தாமதித்தால் கரண்டிக் காம்பு முதுகில் விழும்.

ஒரு நாள் காலை அஞ்சுவின் அண்ணன் ஜிதின் போனில் கூப்பிட்டான். போனை வைத்துவிட்டு அஞ்சு மாமியாரிடம் வந்தாள்.

"அம்மே, எனக்க அம்மைக்கு மூச்சு முட்டுதாம். போயிட்டு வரட்டா?"

"போ, போ. உப்பு யாரு பாப்பா, உங்க அண்ணனா? ஜங்கார் படகு என்ன ஓடியா போவுது? ட்ரே ஓவன்ல ஏறட்டும், அப்புறம் போ."

"அது வரைக்கும் தாங்குமோ என்னமோ…"

"மீன்காரி சீக்கிரம் சாவ மாட்டாடி. உப்புல கெடந்த ஒடம்பு."

அஞ்சு அழுதுகொண்டே அடுப்பருகில் நின்றாள். "தள்ளி நின்னு அழு. சட்டியில விழுந்தா உப்பு ஏறும்" என்றார் சரோஜம்மா.

அக்கரையில் அஞ்சு இறங்கியபோது அம்மாவை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். அன்றைய ட்ரேயை எல்லோரும் புகழ்ந்தார்களாம்.

காரியம் முடிந்து அவள் திரும்பிய பின், ஹோம்ஸ்டே வைத்திருக்கும் சேவியர் வந்தார்.

"சேச்சி, ஓணத்துக்கு என் ரெஸ்டாரண்ட் தொறக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இத்தாலிக் குடும்பம் ஒண்ணு வருது. அவங்க நல்லதுன்னு சொன்னா அடுக்களை உங்களுக்குத்தான். வெள்ளைத் தொப்பி வெச்சு நிக்கலாம்."

அன்று முழுக்க சரோஜம்மா தெருவில் தொப்பியைப் பற்றியே பேசினார். பாத்திரம் கழுவிய கை அல்லவா.

ஞாயிறு காலை கறி வெந்து எண்ணெய் பிரிந்தது. அஞ்சு கரண்டியை வாங்கிச் சுவைத்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை, மாமியாரையே பார்த்தாள்.

"மதி அம்மே."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். மதி."

சரோஜம்மா அவள் முகத்தைத் துழாவினார். தான் செய்தது அவருக்கு மறந்துவிடவில்லை. அவர் இடத்தில் அஞ்சு இருந்து, அஞ்சு இடத்தில் அவர் இருந்தால் நிச்சயம் பொய்தான் சொல்லியிருப்பார்.

"உங்கம்மா போன கோவத்த உப்புல தீக்கப் பாக்கறியாடி?" என்றார். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார்.

"மதின்னு சொன்னேன்ல அம்மே?"

"வாய மூடு."

அஞ்சு மூடிக்கொண்டாள்.

மதியம் தாண்டி சேவியர் ட்ரேயோடு திரும்பினார். ஒரு மூலை மட்டும் தோண்டியிருந்தது.

"கடல்தண்ணியிலயா சேச்சி வேகவெச்சீங்க? அந்த ஆளு ஒரு வாய் தின்னுட்டு ஒரு குப்பித் தண்ணி குடிச்சாரு. நான் வேற ஆளப் பாக்கறேன்."

அவர் வண்டி திரும்புவதற்குள் சரோஜம்மா அஞ்சுவின் தலைமுடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவிட்டார். "கெடுத்தா! நாக்குல பொய் வெச்சிருந்தா!" மாரிச்செல்வம் வந்து முடியை விடுவித்தான். வாசல்தோறும் ஆட்கள். நானும் படியில் நின்றேன்.

அஞ்சு உள்ளே போய் ஒரு துண்டு வெட்டி, தட்டில் கொண்டுவந்து மாமியார் முன்னால் நீட்டினாள்.

"தின்னு பாருங்க அம்மே. நான் சொன்ன உப்பா, நீங்க இட்ட உப்பா?"

சரோஜம்மா பின்வாங்கினார். கயிற்றைப் பற்றித் தெருவுக்கே தெரியும். மகன் தட்டைத் தட்டிவிடுவான் என்று பார்த்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"தின்னும்மா. அவங்கம்மா சாவுறப்போ இவளை உப்புப் பாக்க வெச்சீங்கல்ல? இப்ப நீங்க பாருங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"மாரி…"

"தின்னுங்க."

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். சரோஜம்மா எடுத்து வாயில் வைத்தார். மென்றார், விழுங்கினார். இத்தனை வருஷம் சமைத்ததன் ருசி அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வாயில்தான், அதுவும் கெட்டுப்போன ட்ரேயிலிருந்து.

"உப்பு கூடுதல்தான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

இப்போது லசானியா செய்வது அஞ்சு. சின்ன ஹோம்ஸ்டேக்களில் இன்னும் கேட்கிறார்கள். வெங்காயம் நறுக்குவது சரோஜம்மா. மாலையில் மழை பிடித்து, மாரிச்செல்வத்தின் பைக் தோப்பும்படிச் சந்திப்பில் எங்காவது மாட்டிக்கொண்டால், கத்தியை வைத்துவிட்டு வாசற்படியில் வந்து உட்காருவார். போன் அடிப்பார், அவன் எடுக்கமாட்டான். கயிற்றைத் திருகிக்கொண்டே தெருமுனையைப் பார்த்திருப்பார்.

உள்ளேயிருந்து சட்டியைக் கிண்டியபடி அஞ்சு குரல் கொடுப்பாள், மிகவும் அன்பாக.

"வருவாரு அம்மே. ஒரு வாய்தானே தின்னீங்க."