சந்தை ஆடும் அமெரிக்கக் குடியுரிமையும்

என் ஓரகத்தி அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பொறாமைதான். என் கணவருடைய தம்பியின் மனைவி அவள். பாப்பாரப்பட்டிக்காரி. தருமபுரியில் நான் படித்த அதே கல்லூரியில், எனக்குச் சில வருடங்கள் கழித்து, நான் படித்த அதே கணக்கைத்தான் படித்தாள். அவளுக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனி. எனக்குக் காரிமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவள் ஊருக்கு வந்தால் அத்தை, அதாவது எங்கள் மாமியார், நாட்டுக்கோழி அடிப்பார். நான் அந்த வீட்டில் வருடம் முழுக்க இருக்கிறேன். எனக்காக ஒரு முட்டையாவது தனியாக வெந்ததாக ஞாபகமில்லை.

விண்ணப்பம் பற்றிப் பேசத்தான் அவள் வீடியோவில் கூப்பிட்டாள். அத்தை பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். வண்டி ஓட்டி போலீஸ்ல மாட்டுனதெல்லாம் எழுதச் சொல்றாங்க."

அங்கே அவள் இரண்டு முறை மாட்டியிருக்கிறாள். ஒரு முறை வேகம். இன்னொரு முறை, நிற்க வேண்டிய இடத்தில் முழுசாக நிற்காமல் ஊர்ந்துகொண்டே போனாளாம். தெருவில் ஆளே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டுமாம். இதற்கெல்லாமா பிடிப்பார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதிக்கொள், அதிலென்ன என்றேன்.

"அதில்லீங்க்கா. மாட்டாம போன தப்பு ஏதாச்சும் உண்டான்னும் கேக்கறாங்க. எனக்கு அந்த ஆடு ஞாபகம் வந்துருச்சு."

அந்த ஆட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் முந்தைய தடவை வந்திருந்தபோது, ஒரு சந்தை நாளில், என் ஸ்கூட்டரை ஓட்டியே தீருவேன் என்றாள். நான் தக்காளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். சந்தைச் சந்திலிருந்து மெயின் ரோட்டில் ஏறியவள், அமெரிக்கா என்று நினைத்து நேராக வலப்பக்கம் போய்விட்டாள். எதிரே தருமபுரி பஸ். அவள் வெட்டித் திருப்பியதில் ரோட்டோரம் ஒரு அம்மா கயிற்றில் பிடித்துக்கொண்டு போன ஆட்டின் மேல் வண்டி மோதியது. அந்த அம்மா விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். ஆட்டுக்குப் பின்னங்கால் போயிற்று. என் தக்காளி ரோடெல்லாம். சந்தைக் காவலுக்கு நின்றிருந்த போலீஸ்காரர் எங்கள் எல்லோரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

என் கணவர் ஓடி வந்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. "லைசென்ஸ் யார்கிட்ட இருக்குது?" என்றுதான் கேட்டார். அவளுடைய உள்ளூர் லைசென்ஸ் எப்போதோ காலாவதி. என்னுடையது கைப்பையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு யோசனையே கிடையாது. டிராக்டரோ டெம்போவோ, எது மோதினாலும் ஓட்டியவர் இறங்கிக்கொள்வார், லைசென்ஸ் உள்ளவர் ஸ்டேஷனில் போய் நிற்பார். ஆள் மாற்றிக் கொடுப்பதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை.

"அவ ஊருக்குப் போற புள்ள. கேஸு கீஸுன்னு ஆனா ஏர்போர்ட்ல புடிச்சு வெச்சுக்குவாங்க. நீ ஓட்டுனன்னு சொல்லிடு" என்றார்.

சொன்னேன். கவனமில்லாமல் ஓட்டியதாக என் பேரில் எழுதி, ஃபைன் போட்டு அனுப்பினார்கள். ஆட்டை நாங்களே விலைக்கு வாங்கிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை அது குழம்பானது. நல்லி எலும்பை அத்தை அவள் தட்டில்தான் வைத்தார்.

ஆனாலும் எனக்கு அதில் ஒரு லாபம் இருந்தது. அதன் பிறகு அவள் என்னிடம் பேசும்போது குரல் இறங்கும். "நீங்க பண்ணத மறக்க மாட்டேங்க்கா" என்பாள். வீடு, கார், குழந்தைகளின் நுனிநாக்கு இங்கிலீஷ் என்று எல்லாவற்றிலும் என்னைத் தாண்டிப் போனவள் அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கட்டுப்பட்டவள். அதற்காக நான் கொஞ்சம் கேலியையும் தாங்கிக்கொண்டேன். "அண்ணி வண்டியா? நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன்" என்பாள் நாத்தனார். நாளாக ஆக, எல்லாம் தெரிந்த அத்தையே ஆட்டை இடித்தது நான்தான் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அவள் அதையும் எழுதப் போகிறாளாம்.

"எதுக்கும்மா? காரிமங்கலத்து ஆடு அங்க யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"தெரியாதுங்க்கா. ஆனா சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். இத்தனூண்டு விஷயத்தால கெடாது, மறைச்சாதான் கெடும்னு வக்கீலும் சொல்றாங்க."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பொய் சொல்ல நான், உண்மை சொல்ல அவளா? அவளுக்குப் பொய் தேவைப்பட்டபோது என் வாயில் இருந்து வந்தது. உண்மை தேவைப்படும்போது அவளே சொல்லிப் பேர் வாங்கிக்கொள்வாள். ஆனால் அடுத்த நொடியே இன்னொரு நினைப்பும் வந்தது. எழுதட்டுமே. எழுதி, அதனாலேயே அவர்கள் கிடையாது என்று சொல்லிவிட்டால்?

"உனக்குச் சரின்னு பட்டா எழுதும்மா" என்றேன், மிகவும் பெரிய மனுஷி மாதிரி.

குடியுரிமைக்காக அங்கே அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன்பு அத்தை கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை வைத்தார். நானும் கூடப் போனேன். அத்தை வேண்டிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். நான் வேண்டிக்கொண்டதை இங்கே எழுதப் போவதில்லை.

அந்த வாரச் சந்தையில் ஆட்டுக்கார அம்மாவைப் பார்த்தேன். என்னைக் கண்டால் வழக்கமாக ஒதுங்கி நின்று வழி விடுவார். அன்று என்னவோ பொறுக்கவில்லை.

"அன்னிக்கு வண்டி ஓட்டுனது நானில்லைங்க" என்றேன்.

"தெரியுமே. நான்தான் பாத்தேனே" என்றார் அவர். "அந்தச் சின்னப் பொண்ணு எப்படிம்மா இருக்குது? என்னைத் தூக்கி உக்கார வெச்சு, முட்டிய தொடச்சு, தண்ணி குடுத்துச்சு. நல்ல பொண்ணு."

நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் முட்டியைத் துடைத்த நேரத்தில் நான் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்பது வாஸ்தவம்தான். ஆனாலும் ஸ்டேஷன் படி ஏறியது யார்?

ஒரு நாள் காலை, நான் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். கிடைத்துவிட்டது. அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்து வீட்டு அம்மாவும் வந்துவிட்டார்.

"நேர்காணல்ல ஆபீசர் ஆட்டப் பத்திக் கேட்டாருங்க அத்தை. யாருக்காச்சும் அடிபட்டுச்சான்னாரு. ஒரு அம்மாவுக்கு முட்டியில சிராய்ப்பு, ஆட்டுக்குக் கால்னு சொன்னேன். ஆடு என்னாச்சுன்னாரு. சாப்பிட்டுட்டோம்னேன். சிரிச்சுட்டாருங்க."

அவ்வளவுதான். இத்தனை நாள் நான் சுமந்தது அங்கே ஒரு சிரிப்பில் முடிந்துவிட்டது.

"பாத்தியா, எங்க சின்னவ உள்ளத உள்ளபடி சொல்லிப்புட்டா" என்றார் அத்தை.

"எந்த ஆடு? உங்க பெரிய மருமவ இடிச்சாங்களே, அதுவா?" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

"ஆமா, அதேதான்" என்றார் அத்தை. அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

நான் போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். ஸ்பீக்கரை அணைத்தேன்.

"நல்லதும்மா, ரொம்ப சந்தோஷம். ஒண்ணு கேக்கறேன். ஸ்டேஷன்ல நான் சொன்னத எப்படி எழுதுன? என் பேரு போட்டியா?"

கேட்கும்போது பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் மட்டுமில்லை. அவளைக் காப்பாற்றியவள் இன்னாள் என்று, அந்த நாட்டில் ஏதோ ஒரு காகிதத்திலாவது என் பேர் இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

"ஐயோ, இல்லீங்க்கா. உங்களுக்கு எதுக்கு வம்பு? 'குடும்பத்துல ஒருத்தர்'னு மட்டும்தான் எழுதுனேன்."

என் நல்லதுக்குத்தான் அப்படிச் செய்திருக்கிறாள். அது எனக்கும் புரிந்தது. சரிம்மா, பசங்களைக் கேட்டதாகச் சொல் என்று வைத்துவிட்டேன்.

பள்ளிக்கு நேரமாகியிருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை வாசலுக்குத் தள்ளினேன். அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"பாத்து ஓட்டிட்டுப் போம்மா. ஆடு கீடு வரும்."