தாழ்ப்பாள் போடாத ஊர்

கத்தரின் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவருடைய மருமகள் நிருஷாவோ பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிறவள். இரண்டு பேரும் ஒரே அறையில் நிற்கும்போதுதான் இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

போன தை மாதம். மொன்ட்ரியால் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் மூன்றாம் மாடி வீடு. பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிட்டது. வெளியே பனிப்புயல். நிருஷா கதவைப் பூட்டிச் சங்கிலியும் மாட்டினாள்.

"பிள்ளை, பனி கொட்டேக்கை பூட்டாதை," என்றார் கத்தரின்.

"மாமி, இது மொன்ட்ரியால். உங்கட சஸ்காச்சுவான் பட்டிக்காடு இல்லை."

கனடாவின் நடுவே, கோதுமை வயல்களுக்குள் கத்தரின் முன்பு வாழ்ந்த அந்தப் பட்டிக்காட்டில் ஐம்பது வீடு, ஒரு தேவாலயம், ஒரு மண்டபம், கோதுமை கொட்டி வைக்கிற உயரமான களஞ்சியம். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் ஊரே கூடிச் சாப்பிடும். கத்தரினின் கோழிக்கறிக்கு வெள்ளைக்காரர் மூக்கு வடிய வடிய வரிசையில் நிற்பார்கள். அந்த ஊரில் யாரும் மீறாத வழக்கம் ஒன்று இருந்தது. புயலடித்தால் கதவைப் பூட்டுவதில்லை. பனிக்குள் வழிதவறியவர் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம்.

கத்தரினால் மட்டும் அது முடியவில்லை. இலங்கையில், போர்க்காலத்து மன்னாரில் ஆமி வந்து கதவு தட்டிய காலத்தில் வளர்ந்தவர். இருட்டினால் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகும். கணவர் ஹென்றி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். ஒரு புயல் நாளில் அவர் மண்டபத்து வாசலில் பனி தள்ளப் போனார். அங்கேயே தங்கிவிட்டார் என்று நினைத்துக் கத்தரின் தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு கதவு தட்டும் சத்தம். மூன்று தரம். மிகத் தாழ்வாக... யாரோ நிலத்தில் இருந்து தட்டுவது போல. செபமாலையை இறுக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். விடிந்ததும் திறந்தால், வாசலில் முழங்காலில் இருந்தபடி விறைத்துப் போயிருந்தார் ஹென்றி.

அதன்பிறகு ஊரும் மெல்ல மெல்லச் செத்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். களஞ்சியத்தை இடித்தார்கள். வீட்டை வாங்க ஆளில்லை. ஒன்பது வருடத்துக்கு முதல் அதைப் பூட்டிவிட்டு, கத்தரின் மகனோடு மொன்ட்ரியாலுக்கு வந்துவிட்டார். அந்தத் தட்டல் மட்டும் அவர் நெஞ்சை விட்டுப் போகவேயில்லை.

அன்றைக்கு ஐந்து மணி இருக்கும்.

டொக்... டொக்... டொக்.

நிருஷா கதவுத் துளையால் பார்த்தாள். "ஒருத்தரும் இல்லை மாமி."

டொக்... டொக்... டொக்.

கதவின் கீழ்ப்பக்கத்தில். முழங்கால் உயரத்தில்.

நிருஷாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "திறவாதேங்கோ மாமி!"

கத்தரினுக்கும் பயம்தான். ஆனால் இன்னொரு தரம் திறக்காமல் விட்டுவிட்டு எப்படி உயிரோடு இருப்பது? அழுதுகொண்டே சங்கிலியைக் கழற்றினார்.

நடைவழியில் யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

கால்மிதியில் மட்டும் பனி... அதில் இரண்டு குழி.

"உள்ளுக்கு வாங்கோ," என்றார் கத்தரின். "நான் திறந்திட்டன்."

குளிர் அவரை உரசிக்கொண்டு உள்ளே போனது.

யாரோ அமர்ந்ததுபோல் கதிரை ஒன்று கிறீச்சிட்டது.

பிறகு... நீண்ட ஒரு மூச்சு.

அவ்வளவுதான்.

அடுத்த நாள் அன்டன் தொலைபேசியில் அழைத்தார். ஹென்றியின் சிநேகிதர். அந்த ஊரில் இன்னும் பெற்றோல் நிலையம் நடத்துகிறவர்.

"அக்கா, இவ்வளவு காலமும் உங்களுக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனான். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் உங்கட பழைய வீட்டு வாசல்ல ரெண்டு முழங்கால் தடம் இருக்கும். வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. நான்தான் போய் அழிச்சு விடுறனான்."

கத்தரின் கேட்டார்: "இப்பவும் இருக்கோ?"

"அதுக்குத்தான் எடுத்தனான். நேற்று இங்கையும் நல்ல புயல். இண்டைக்குப் போய்ப் பாத்தன். வாசல்ல ஒண்டும் இல்லை, அக்கா."

ஒன்பது வருடம். ஒவ்வொரு புயலிலும் ஆளில்லாத அந்த வீட்டின் கதவை, கத்தரின் திறப்பார் என்று நம்பி, ஹென்றி தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.