செவலையின் ஆத்தா

அரியலூர் ரயிலடியில் ஜட்கா வண்டிகள் நிற்கும் புளியமரத்தடியில் இருபது வருஷமாகப் புல்லுக்கட்டு விற்றவள் குஞ்சம்மாள். குதிரை என்றால் வண்டிக்காரர்கள் சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், வால் தூக்கும் அழகைப் பார்ப்பார்கள். குஞ்சம்மாள் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், குதிரை தின்றுவிட்டு ஒதுக்கிய மிச்சம். சாயங்காலம் கூட்டிப் பெருக்குமுன் ஒவ்வொரு குதிரையின் காலடியிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிடக்கிற புல்தாளைப் புரட்டுவாள். எது கோரையை ஒதுக்கும், எது வேர்மண்ணை உதறிவிட்டுத் தின்னும், எது வானம் இருட்டினால் பட்டினி கிடக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. குதிரைகள் செத்து, குட்டிகள் வண்டி இழுத்து, குட்டிகளின் குட்டிகளும் அதே மரத்தடிக்கு வந்து நின்றபோது அவளுக்கு ஒன்று புரிந்துபோயிற்று. தகப்பன் நிறத்தைக் கொடுக்கிறான். வாயைத் தாய் கொடுக்கிறாள்.

அதனால் குதிரை வாங்குகிறவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்குவதில்லை.

"குஞ்சக்கா, கல்லங்குறிச்சியான் ஒரு குட்டி விக்கிறான். புடிக்கலாமா?"

"அதோட ஆத்தா அந்தக் கருப்பிதானே? பாலத்தக் கண்டா நடுரோட்டுல ஒக்காந்துக்கும். புள்ள மட்டும் ஏறிருமா?"

"புள்ள அப்பன உரிச்சு வச்சாப்ல இருக்குதே."

"மூஞ்சி அப்பன் மூஞ்சிதான். பாலத்துல மூஞ்சியாய்யா ஏறுது?"

அவளுக்கென்றே ஒரு குதிரை இருந்த காலமும் உண்டு. புருஷன் ராசாங்கம் ஓட்டிய செவலைப் பெட்டை, பொம்மி. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து வந்த குடும்பத்தில், கால் உள்ள சொத்து ஒன்றுக்குச் சொந்தக்காரர்கள் ஆனது அவர்கள்தான் முதல். பொம்மிக்கு மேல்வரிசைப் பல் கீழ்வரிசையைத் தாண்டி முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கிளிவாய் என்பார்கள். தரையோடு படர்ந்த அருகம்புல்லை அதனால் கடித்து அறுக்க முடியாது. கடைவாய்க்கு எட்டும்படி நீளமான புல் கிடைத்தால், தலையைப் பக்கவாட்டில் வெட்டி இழுத்து அரைக்கும். அதற்காகவே குஞ்சம்மாள் மருதையாற்றங்கரையில் இடுப்பளவு நின்ற கொழுக்கட்டைப்புல்லைத் தேடி அறுத்துவருவாள். பதினோரு வருஷம் அப்படித் தீனி போட்டாள். ஓட்டுவது ராசாங்கம், ஊட்டுவது அவள். ஏன் நீளப்புல் என்று அவன் கேட்டதும் இல்லை.

பொம்மி நிறைசினையாக நின்ற ஐப்பசியில் குஞ்சம்மாளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். திருச்சி பெரியாஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள் கிடந்தாள். பிழைத்து வந்து இறங்கியபோது கொட்டகை காலியாக இருந்தது.

"குட்டி குறுக்க நின்னுருச்சு. தாயும் புள்ளையும் போயிருச்சு. ஆத்தங்கரையிலயே பொதச்சுட்டேன்" என்றான் ராசாங்கம்.

அவள் அதை மன்னிக்கவில்லை. எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். "பிரசவம் பாக்கத் தெரியாத கையி. எம் பொம்மியக் கொன்ன கையி." சோறு போடும்போதும் சொல்வாள். ராசாங்கம் தன் வலதுகையை ஒருதரம் பார்த்துவிட்டு, அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிடுவான். நாலு வருஷம் இப்படி ஓடிற்று. அவன் அடுத்தவர் குதிரைகளை ஓட்டிக்கொண்டிருந்தான்.

எண்பத்தொன்றாம் வருஷம் பொங்கலுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. காணும் பொங்கலன்று செந்துறை ரோட்டில் குதிரைவண்டிப் பந்தயம். நாலு மைல் போய், நட்டிருக்கும் கொடியைச் சுற்றித் திரும்பவேண்டும். கடலையெண்ணெய் மில் முதலாளி வேணுகோபால் அதற்கென்றே மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவலைக் குதிரை வாங்கியிருந்தார். தரகன் மதுரைவீரன் பிடித்துக்கொடுத்தது. பெங்களூர்ப் பண்ணையில் பிறந்தது என்று ஒரு காகிதமும் கூட வந்தது. வேணுகோபால் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மில் ஆபீசில் சாமி படங்களுக்குக் கீழே மாட்டியிருந்தார். வண்டி ஓட்டச் சாரதியாக அமர்ந்தவன் ராசாங்கம். அவனாகப் போய்க் கெஞ்சிக் கேட்டு வாங்கிய வேலை.

ஆனால் குதிரை நாளுக்குநாள் இளைத்தது. ஓட்டிப் பார்த்தால் இரண்டு மைலுக்குப் பறக்கும், மூன்றாவது மைலில் தொய்ந்துவிடும். முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். முதல் மூன்றுக்குள் வந்தால் லாயத்தில் நிற்கும், ராசாங்கத்துக்கும் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அடுத்த சந்தையில் குதிரை கைமாறும். ஓடவே ஓடாது என்று தெரிந்தால் அதுவரைகூடப் பொறுக்கமாட்டார், பந்தயத்துக்கு முன்பே தள்ளிவிடுவார்.

இதெல்லாம் குஞ்சம்மாளுக்குத் தெரியும். குதிரையைத்தான் அவள் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே ராசாங்கம் சொல்லிவிட்டான்: "மில்லுப் பக்கம் மட்டும் வந்துராத."

"ஏன், பெங்களூர்க் குதிர எம் புல்லத் தின்னா அதுக்கு மானம் போயிருமா?"

"வராதன்னா வராத."

அவளும் ரோஷத்தில் போகாமலே இருந்தாள். அன்று காலையில் லாயத்து ஆள் அரியமுத்து ரயிலடிக்கே வந்து நின்றான்.

"அக்கா, கும்பிட்டுக் கேக்குறேன். அண்ணன் பட்டறைக்குப் போயிருக்கு, சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட. மொதலாளியும் நீ பாத்து ஒரு வார்த்த சொல்லட்டும்னாரு. வந்து பாத்துட்டுப் போயிரு."

போனாள்.

லாயத்துக்குப் பின்னால் சுவர் எழுப்பி, தண்ணீர் பாய்ச்சி, அருகம்புல் வளர்த்திருந்தார்கள். பாய் விரித்த மாதிரி இருந்தது.

"பெங்களூர்க் குதிர மேஞ்சுதான் தின்னுமாம் அக்கா. அறுத்துப் போட்டதத் தொடாதாம். மதுரைவீரன் சொன்னாரு."

"அவரு எப்ப அதுங்களோட போயி மேஞ்சாரு?"

அரியமுத்து சிரித்தான். "காயிதம் இருக்குல்ல. அப்பன், பாட்டன், பூட்டன்னு ஏழு தலமொறைக்குப் பேரு. எங்க பாட்டன் பேரே எனக்குத் தெரியாது. குதிரைக்குத் தெரியுது பாரு."

குஞ்சம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல்லைத் தடவினாள். நுனியெல்லாம் எச்சில் பிசுபிசுப்பு. ஒரு தாள்கூட அறுபடவில்லை. குதிரை இதை நக்கியிருக்கிறது, கடிக்கவில்லை. அவள் எழுந்து சுவரோரமாக நடந்தாள். தண்ணீர் கசியும் மூலையில் யாரும் வெட்டாமல் விட்ட நீளப்புல் தூர்கள் இருந்தன. இருந்தன என்பதுதான் சரி. ஒவ்வொரு தூரும் வேரோடு ஒருபக்கமாகப் பிய்ந்து கிடந்தது.

பக்கவாட்டில் வெட்டி இழுத்த இழுப்பு. பொம்மியின் இழுப்பு.

குதிரை லாயத்து வாசலில் நின்றது. அவள் போய் அதன் மேலுதட்டைத் தூக்கினாள். மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி ஒரு விரற்கடை முன்னே நீட்டிக்கொண்டிருந்தது.

மில்லில் செக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு நின்றுபோயிற்று.

"இதுக்கு என்ன வயசு?"

"போன ஐப்பசியோட நாலு முடிஞ்சுதாம்."

ஐப்பசி. ஆற்றங்கரையில் புதைத்த குட்டி, நாலு காலில் நின்றுகொண்டு அவள் முந்தானையை மோந்து பார்த்தது. அவள் கை உதட்டை விட மறந்து அப்படியே இருந்தது. பாவிப்பயல் விற்றிருக்கிறான். விற்றுவிட்டு வந்து புதைத்தேன் என்று சொல்லியிருக்கிறான். அவள் நாலு வருஷமாக ஆற்றுப்பக்கம் புல்லறுக்கப் போகும்போதெல்லாம் எந்த மேடு எந்த மேடு என்று தேடி, குத்துமதிப்பாக ஒரு மேட்டின்மேல் கால்படாமல் சுற்றிப் போயிருக்கிறாள்.

"அக்கா, போதும், கொஞ்சம் தள்ளியே நில்லு" என்றான் அரியமுத்து. "நீ கட்டுக்கழுத்தி. இது சுழி உள்ளது."

"என்ன சுழி?"

"பெண்டிழந்தான் சுழி. மார்புக்குப் பின்னால பாரு, எட்டணா அகலத்துக்கு. கட்டுனவனோட பொண்டாட்டியத் தூக்கிரும்பாங்க. அதனாலதான் மொதலாளி கைக்கு வந்துச்சு. அவரு வீட்டம்மா போயித்தான் ஆறு வருசமாச்சே. பொண்டாட்டி உள்ளவன் எவன் வாங்குவான்? மதுரைவீரன் இந்தமாதிரிக் குதிரைக்குன்னே பொண்டாட்டி இல்லாதவனா ஊருக்கு ஒருத்தனப் பாத்து வச்சிருக்காரு."

குஞ்சம்மாள் அந்தச் சுழியைப் பார்த்தாள். செவலை மயிர் ஒரு புள்ளியைச் சுற்றி, கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. ஐப்பசி. பெரியாஸ்பத்திரி. நாற்பத்தோரு நாள்.

அவள் இன்னும் கிட்டே போனாள். சுழியின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கைய எடுடி!"

ராசாங்கம் சக்கரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்தித் தேய்த்தான். அவன் கையில் படிந்த பட்டறைக் கரி தண்ணீரில் கலந்தது. அரியமுத்து வாயைத் திறந்தபடி நின்றான்.

"பொம்மி எங்க?" என்றாள் அவள்.

அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"எங்கய்யா பொம்மி?"

"ரெண்டையும் சேத்தே மதுரைவீரங்கிட்ட குடுத்துட்டேன். குட்டி பால் குடிக்கணும்ல." அவன் குரல் தொட்டிக்குள் பேசுவதுபோல் வந்தது. "போன வருசம் பொம்மி செத்துப்போச்சாம். அது நெசமாவே."

"எப்பக் குடுத்த?"

"உனக்கு ஆப்பரேசனுக்கு மொதநா. விடியக்காலம் குட்டி போட்டுச்சு. பொம்மி நக்கி நக்கி ஈரம் காஞ்சதும் சுழி தெரிஞ்சுது. நீ அங்க கெடக்குற. நான் என்ன பண்ணுவேன்?"

"வந்தப்புறமாவது சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சொன்னா நீ போயித் திருப்பிப் புடிச்சுக்கிட்டு வந்துருவ."

அது வாஸ்தவம். போயிருப்பாள்.

"நாலு வருசமா நான் என்னென்ன சொன்னேன்..."

"சொல்றதுக்கு ஆளு இருந்துச்சுல்ல" என்றான் ராசாங்கம்.

அவள் தொட்டியிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

அந்த நேரம் வேணுகோபால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "என்னம்மா, பாத்தியா? ஓடுமா ஓடாதா? ஒரே வார்த்த."

"ஓடாதுன்னு சொல்லிரு" என்று அவள் காதருகில் முனகினான் ராசாங்கம். "பொம்மி புள்ளன்னுதான் இந்த வேலையக் கெஞ்சி வாங்குனேன். இப்ப எனக்கு வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். கண்ணு காணாமப் போகட்டும் இது."

ஓடாது என்று சொன்னால் குதிரை போய்விடும், அவன் வேலையும் போய்விடும். ஓடும் என்று சொல்லிவிட்டுத் தாயை மறைத்தால், இந்த அருகங்காட்டிலேயே பட்டினி கிடந்து விழும்.

"மொதலாளி, அந்தக் காயிதத்துல இதோட ஆத்தா பேரு இருக்குதுங்களா?"

"இருக்கு. என்னமோ துரைசாணி பேரு."

"அது இல்லீங்க. இதோட ஆத்தா பேரு பொம்மி. அரியலூர் ரயிலடி. பதினோரு வருசம் எங்கையால தின்னுச்சு. ரெண்டு ஆளு ஏறுனாலும் ஆறு ஆளு ஏறுனாலும் பாதி வழியில நின்னதில்ல."

வேணுகோபால் காலியான எண்ணெய் டின் ஒன்றின்மேல் மெல்ல உட்கார்ந்தார். "ஜட்கா குதிரையா? அப்ப நான் சட்டம் போட்டு மாட்டிருக்கனே, அது?"

"அதக் குதிர தின்னாதுங்க." அவள் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ராசாங்கம் கண்ணை மூடிக்கொண்டான். "கிளிவாயிங்க. தரைப்புல்லு இதுக்குக் கண்காட்சி. இடுப்பளவு புல்லா நான் அறுத்துட்டு வாரேன். பந்தயம் வரைக்கும் வயிறார தின்னட்டும். அப்புறம் ஓடலன்னா என்னையக் கேளுங்க."

வேணுகோபால் குதிரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பெங்களூர் போன வருத்தம் முகத்திலிருந்து இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "மதுரைவீரன அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றவர், "புல்லக் கொண்டா" என்று எழுந்தார்.

தினமும் கொண்டுபோனாள். ஆனால் மில் கேட்டுக்கு உள்ளே அவளை விடவில்லை ராசாங்கம். புல்லுக்கட்டை அங்கேயே வாங்கி அரியமுத்து தலையில் ஏற்றிவிட்டு, அவளைத் திரும்பிப் போகச் சொல்லுவான். அவள் ரோடு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பான். அவளுக்குச் சிரிப்பு வரும். பாதித் தூரம் போனதும் சிரிப்பு நின்றுவிடும்.

பந்தயத்தன்று அவள் கொடி நட்ட இடத்தில் போய் நின்றாள். புழுதிக்கு முன்னால் முதலில் தெரிந்தது செவலைதான். அடுத்த வண்டி ஒரு பனைமர நீளம் பின்னால். ராசாங்கம் அவளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே கொடியைச் சுற்றித் திருப்பினான். அந்த நேரம் பார்த்துக் குஞ்சம்மாளின் காலில் முள். குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

வண்டிச் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால், ராசாங்கம் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி வண்டிமேல் எழுந்து நின்று, வெளுத்த முகத்தோடு கூட்டத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கிறான். ஜனம் கத்துகிறது. ஒரு வண்டி கடந்து போனது. இரண்டாவது, மூன்றாவது.

"யோவ்!" என்று கத்தினாள் அவள். "நான் இங்கதான்யா இருக்கேன்! உசுரோடதான் இருக்கேன்! ஓட்டுய்யா!"

அதற்கப்புறம் ஓட்டினான். நாலாவதாகக் கிளம்பி மூன்றாவதாக வந்து சேர்ந்தான். கடைசி மைலில் செவலை தொய்யவில்லை. நடுரோட்டில் நின்று பொண்டாட்டியைப் பார்த்துவிட்டு மூன்றாவது வந்தவன் என்று ரயிலடியில் அவனுக்குப் பேர் ஆயிற்று. சொன்னபடியே குதிரை லாயத்தில் நின்றது, வேலையும் நின்றது. வேணுகோபால் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த காகிதத்தை எடுத்துவிட்டு, பந்தயத்தில் பரிசாகக் கொடுத்த துண்டை மடித்து வைத்தார்.

அன்று பொழுது சாய, குஞ்சம்மாள் சோறு போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ராசாங்கம் உட்கார்ந்தான். நாலு வருஷப் பழக்கம், தன்னையறியாமல் வலதுகையை ஒருதரம் திருப்பிப் பார்த்தான்.

அகப்பை அவள் கையிலேயே நின்றுவிட்டது.

"அதுல என்னத்தப் பாக்குற," என்றாள். "தின்னு."