சங்கிலி போட்ட அரிவாள்

ஐப்பசி பாதி போய்விட்டது. சங்கரன்கோவிலில் மழை இல்லை, சித்திரை வெயில் அடிக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இளநீர் விற்கிறவர் அரிவாளை வண்டியோடு சங்கிலியில் கட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்கிறேன்.

"போன வாரம் பஸ்ல துண்டு போட்டு சீட்டுப் பிடிச்சதுல ரெண்டு பேருக்குச் சண்டை, அண்ணாச்சி. ஒருத்தன் என் அரிவாள எடுத்துட்டுப் போயி மத்தவன வெட்டிட்டான். நல்ல பயதான். மழை பெய்யுத மாசத்துல இப்படி எரிஞ்சா புத்தி எங்கன நிக்கும்?"

இரண்டு மணி நேரம் நின்று அலுத்த பிறகு ராஜபாளையம் பஸ் வருகிறது. ஜன்னல் வழியாக என் துண்டைப் போடுகிறேன். ஏறிப் பார்த்தால், அதை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

"எந்திரிடா" என்று கத்துகிறேன். இப்படி நான் யாரையும் பேசியதில்லை.

வெளியே இளநீர்க்காரர் என்னைப் பார்த்தபடியே சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார்.