புதுசோடு ஒரு பழசு

தெருவில் எல்லோருக்கும் அவள் பொம்மைக்கடை அக்கா. கல்யாணமான மறுவருஷம் அந்தக் கடையில் சேர்ந்தவள், தலை நரைத்த பிறகும் அதே கவுண்டரில் நின்றாள். ஓடாத பொம்மைக் காரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது அவள் பாடு. காரில் கோளாறு இருக்காது, பேட்டரியில்தான் இருக்கும். வெயில் விழும் ஜன்னலில் வைத்திருப்பார்கள். மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டு, கசிந்து கம்பியெல்லாம் அரித்திருக்கும். இல்லாவிட்டால் தீர்ந்துபோன ஒன்றைப் புதுசுகளோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள். அந்த ஒன்று மற்றதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். காருக்கு உதவாத பேட்டரி சுவர்க்கடிகாரத்தில் இன்னும் சில மாதம் ஓடும் என்று, வேண்டாமென்று விட்டுப்போனதை வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

வீட்டுக்காரர் கட்டிட மேஸ்திரி. உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். அவளுடைய அம்மா இறந்த செய்தி வந்த அன்று, "செத்தவளுக்கு நீ போய் என்ன ஆகப்போகுது? எனக்கு யாரு சோறு போடுவா?" என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அழுதுகொண்டே சமைத்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டு, வாயில் வைக்க விளங்கவில்லை என்றார்.

அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. அவள் வேலையை விட்டாள். கட்டிக்கொடுத்த மகள் ஒயர் இல்லாத அழைப்புமணி வாங்கி வந்தாள். பொத்தான் அவர் வலது கைக்குள். மணி சமையலறை அலமாரியில். ஈ உட்கார்ந்தால் மணி. தலையணை நகர்ந்தால் மணி. அவள் தட்டின் முன் உட்கார்ந்தால் கட்டாயம் மணி. ஓடிப்போய் நின்றால், "வர்றியான்னு பாத்தேன்" என்பார், கோணிய வாயால் சிரித்தபடி.

சில வாரத்தில் மணி கம்மத் தொடங்கியது. மகள் விலை கூடிய பேட்டரி வாங்கிப் போட்டாள். அதுவும் நாள் தாங்கவில்லை. அடுத்த முறை வந்தபோது மணியின் மூடியைத் திறந்து பார்த்தாள். இரண்டு புதுசு, வெள்ளையாகப் பூத்துக் கிடந்த பழசு ஒன்று.

"பழசைச் சேத்துப் போட்டா புதுசும் போயிடும்மா. கடையில இத்தனை வருஷம் இருந்தியே, தெரியாதா?"

"தெரியும்."

மகள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூடியை அப்படியே மூடிவிட்டு, வாங்கி வந்த பேட்டரி பாக்கெட்டைத் தன் பைக்குள்ளேயே திரும்பப் போட்டுக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் அவர் கட்டிலிலிருந்து சரிந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். மணி தொண்டை கட்டியதுபோல் முனகியது. அவளுக்குக் கேட்டது. மீதிச் சோற்றைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அவருக்குத் தோள் மூட்டு நழுவியிருந்தது. அவர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரமாக அமுக்குகிறேன் என்று குழறினார்.

"அமுக்க அமுக்க பேட்டரி தீரும்ங்க. தீந்துட்டா செத்தாலும் எனக்குக் கேக்காது. பாத்து அமுக்குங்க."

அவர் பயந்துபோனார். அதற்குப் பிறகு படுக்கை நனைந்தாலும் அமுக்குவதில்லை. விரல் படாமல் பொத்தானை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, கதவையே பார்த்துக் கிடப்பார். அவள் வருகிறபோது வருவாள்.

முதுகில் புண் கண்டது. பார்க்க வந்த டாக்டர், ஈரத்தில் கிடப்பானேன், கூப்பிட வேண்டியதுதானே என்று அவரையே கடிந்துகொண்டார்.

"பேட்டரி தீந்துடும்" என்றார் மேஸ்திரி.

டாக்டர் அவளைத் தனியே அழைத்து, பெரியவருக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது, இனிமேல்தான் நீங்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். அவள் சரி என்றாள்.

புண் ஆறாமலே அவர் போனார். காரியங்கள் முடிந்ததும் அவள் மறுபடி கடைக்குப் போய் நின்றாள். முதலாளி சேர்த்துக்கொண்டார்.