இடிக்காத வேன்காரர்

கலஹாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த வேன்காரருக்கு நரைத்த மீசை, கசங்காத சட்டை. புறப்படுமுன் வேனைத் தடவியபடி ஒருமுறை சுற்றிவருவார். காப்புறுதிக் கட்டணம் குறையுமென்று, விபத்து நடந்தால் தாமே ஏற்கவேண்டிய முதல் தொகையை மிக உயர்த்தி வைத்திருந்தார். காப்புறுதி வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் விதிமுறைகளை விடாத நான் எச்சரித்தேன்.

“நான் யாரையும் இடிச்சதில்ல சேர்.”

“உங்கள இடிக்கப்போறவன்கிட்டயும் அதச் சொல்லி வைங்க.”

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பஸ் உரசிவிட்டு நிற்காமல் போனது. திருத்தச் செலவு அந்தத் தொகைக்குள் அடங்கியதால் காப்புறுதி நிறுவனம் சதம்கூடத் தரவில்லை. நசுங்கிய கதவைப் பார்த்த பெற்றோர், ஓட்டம் சரியில்லையென்று எல்லாப் பிள்ளைகளையும் வேறு வேனுக்கு மாற்றினார்கள்.

காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, “இந்த முறையாவது அந்தத் தொகையக் குறைங்க” என்றேன்.

“எதுக்கு சேர்? இனி இடிக்க என்ன இருக்கு?”

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.